முதலில் மூட்டு, கடைசியில் மஞ்சள்: 1:25 அளவில் ஒரு ஜேசிபி

மண் தோண்டும் இயந்திரத்தைச் சொந்தமாக மாதிரி செய்ய நினைக்கிறவர்கள் பெரும்பாலும் கேபினில்தான் கை வைக்கிறார்கள். கேபின் அழகாக வந்துவிடும், பானட்டும் வந்துவிடும், மஞ்சள் பெயின்ட் அடித்ததும் வீட்டில் எல்லாரும் பாராட்டுவார்கள். அப்புறம் பின்பக்கக் கையை மாட்டும்போது வம்பு ஆரம்பிக்கும். வண்டியோடு சேரும் மேல்கையான பூம் மடங்காது, பக்கெட் உள்ளே சுருளாது, கையை நீட்டி மடக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் ஒரு பக்கம் நீளம் பத்தாமலும் இன்னொரு பக்கம் இடித்துக்கொண்டும் நிற்கும். அதனால் நான் தலைகீழாகப் போனேன். மூட்டு ஓட்டைகள் எங்கே வரும் என்பது முடிவாகும்வரை ஒரு பிளாஸ்டிக் துண்டைக்கூட வெட்டவில்லை. கையை முதலில், வண்டியை அதற்குப் பிறகு. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்த வரிசையைத்தான் சொல்வேன்.

எடுத்துக்கொண்ட வண்டி ஜேசிபி 3டிஎக்ஸ். ஹரியானாவின் பல்லப்கரில் ஜேசிபி நிறுவனம் 1979 முதல் பேக்ஹோ, அதாவது பின்னால் தோண்டும் கை வைத்த வண்டி, செய்கிறது. நம் ஊரில் குழாய் பதிக்கும் இடம், வீட்டு அஸ்திவாரம், ஏரிக்கரை என எங்கே போனாலும் ஒன்று நிற்கும். மாதிரி செய்கிறவனுக்கு இது பெரிய வசதி. சந்தேகம் வந்தால் படம் தேடி அலைய வேண்டாம், செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனால் போதும்.

அளவு விகிதத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடையில் கிடைக்கும் கட்டுமான இயந்திர டைகாஸ்ட் மாதிரிகள் பெரும்பாலும் 1:50. ரயில் மாதிரிக்காரர்கள் 1:87-இல் செய்வார்கள். ரிமோட்டில் ஓடும் பெரியவை 1:14 பக்கம் போகும். முதல் முயற்சிக்கு 1:50 ரொம்பப் பொடி. கை மூட்டுகள் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போய்விடும். 1:25-இல் ஒரு மீட்டர் 40 மில்லிமீட்டர். சென்டிமீட்டரில் அளந்த எண்ணை 0.4-ஆல் பெருக்கினால் மாதிரியின் மில்லிமீட்டர் வந்துவிடும், கால்குலேட்டர்கூட வேண்டாம். கிட்டத்தட்ட 6 மீட்டர் வண்டி 24 சென்டிமீட்டரில் அடங்குகிறது, அலமாரியிலும் இடம் கேட்காது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் தடிமன் 2 மில்லிமீட்டர். 25-ஆல் பெருக்கினால் 5 சென்டிமீட்டர். சிலிண்டரிலிருந்து வெளியே வரும் பளபள ராடுக்கு நம்பும்படியான தடிமன் அது, பளபளப்பும் இலவசம். வீட்டில் என்ன பொருள் கிடைக்கிறதோ அதற்குத் தகுந்த விகிதத்தை எடுத்துக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அளவு எடுக்க, பக்கத்துத் தெருவில் வேலை முடிந்து நின்ற வண்டியிடம் போனேன். "அண்ணே, பொம்மை செய்றேன், கொஞ்சம் டேப் பிடிச்சு அளந்துக்கட்டுமா?" என்று கேட்டதற்கு ஆபரேட்டர் ஒரு மாதிரி பார்த்தார். "பக்கெட் ரெண்டையும் தரையில இறக்கிட்டு எஞ்சினை ஆஃப் பண்ணிடுறேன் தம்பி, அப்புறம் அளங்க. தூக்கி வெச்ச பக்கெட்டுக்குக் கீழ மட்டும் எப்பவும் போகாதீங்க" என்றார். இந்த ஒரு விதியை எழுதி ஒட்டிக்கொள்ளலாம். இறக்கி வைத்ததும் அவரே டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். எந்த மூட்டில் தினமும் கிரீஸ் அடிக்க வேண்டும், எது சீக்கிரம் தேய்ந்து ஆட்டம் கொடுக்கும் என்றெல்லாம் சொன்னது பெயின்ட் அடிக்கும்போது கை கொடுத்தது.

எல்லாவற்றையும் அளக்க வேண்டாம். மூட்டின் மையத்திலிருந்து அடுத்த மூட்டின் மையம் வரை எவ்வளவு என்பதுதான் தேவை. பூமின் அடி மூட்டு முதல் நுனி மூட்டு வரை, பூமுக்கும் பக்கெட்டுக்கும் நடுவில் இருக்கும் டிப்பர் கையின் இரண்டு மூட்டுகள், சிலிண்டர்கள் மாட்டியிருக்கும் ஒவ்வொரு இடமும். மீதியைப் புகைப்படம் பார்த்துக்கொள்ளும். படத்தைக் கிட்டே நின்று எடுத்தால் நடுப்பகுதி உப்பி, ஓரங்கள் சாய்ந்து எதற்கும் உதவாது. நன்றாகத் தள்ளிப் போய், வண்டியின் பக்கவாட்டுக்கு நேர் எதிரே நின்று, ஜூம் செய்து எடுக்க வேண்டும். ஃபோனை ஏறக்குறைய வண்டியின் பாதி உயரத்தில் பிடிக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரைப் படிக்கவும் மறக்காதீர்கள். பின் டயரில் 16.9-28 என்று இருக்கும். 16.9 அங்குல அகலம், 28 அங்குல ரிம். படத்திலேயே ஒரு ஸ்கேல் வைத்த மாதிரி. ஆனால் வெளியே தெரியும் ரிம் விளிம்பு 28-ஐவிடக் கொஞ்சம் பெரியது. அதனால் டயரின் மொத்த உயரத்தை டேப்பில் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது. சுமார் 1.43 மீட்டர், அதாவது மாதிரியில் 57 மில்லிமீட்டர்.

இனி வேலையின் மையத்துக்கு வரலாம். மூட்டுகளை முதலில் அட்டையில் ஆட்டிப் பார்க்க வேண்டும். இதை 1:25-இல் செய்யாதீர்கள், கண்ணும் கையும் ஏமாற்றும். 1:10-இல் வரைந்து, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பூம், டிப்பர், பக்கெட் மூன்றையும் வெட்டி, தெர்மாகோல் பலகைமேல் குண்டூசியால் குத்தி வைத்தேன். சிலிண்டருக்கு ஒரு காகிதக் குழல், அதற்குள் நகரும் ஒரு அட்டைப் பட்டை. பட்டையில் இரண்டு கோடுகள் போட்டுக்கொள்ள வேண்டும். ஒன்று முழுதாகச் சுருங்கிய நிலை, இன்னொன்று முழுதாக விரிந்த நிலை.

இந்தக் கோடுகளைக் கற்பனையில் போட முடியாது. ராடு முழுதும் சிலிண்டருக்குள்தானே போய் ஒளிய வேண்டும்? அப்படியானால் விரிந்த நீளம் ஒருபோதும் சுருங்கிய நீளத்தின் இரு மடங்கை எட்டாது. பிஸ்டனுக்கும், மூட்டுக் கம்பி நுழையும் இரண்டு முனைக் கண்களுக்கும், வாய் மூடிக்கும் இடம் போக இன்னும் குறையும். சுருங்கும்போது 48 மில்லிமீட்டர் என்றால் விரியும்போது 78, 80 வரை கணக்கு வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் கேட்டால் அது ராடு இல்லை, மந்திரக்கோல். டிப்பரை உள்ளே மடக்கும்போதும் வெளியே நீட்டும்போதும் அந்த இரண்டு கோடுகளுக்குள் பட்டை நின்றால் ஓட்டை சரியான இடத்தில் இருக்கிறது. நிற்கவில்லை என்றால் குண்டூசியைப் பிடுங்கி இரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் குத்திப் பார்க்கலாம். அட்டைக்கு விலை கிடையாது.

பக்கெட் மூட்டில் இன்னொரு விஷயம். பல பேர் சிலிண்டரை நேராகப் பக்கெட்டில் மாட்டிவிடுகிறார்கள். நிஜ வண்டியில் அப்படி இல்லை. டிப்பரின் மேலே ஓடும் சிலிண்டரின் ராடு ஒரு நெம்புகோலைத் தள்ளும். அந்த நெம்புகோலின் ஒரு முனை டிப்பரில் மாட்டியிருக்கும். ராடும் நெம்புகோலும் சேரும் இடத்திலிருந்து ஒரு சிறு இணைப்புத் துண்டு பக்கெட்டுக்குப் போகும். ஆக டிப்பரில் இரண்டு மூட்டு, பக்கெட்டில் ஒன்று, நடுவில் ராடு சேருமிடம் ஒன்று என நான்கு மூட்டுச் சட்டம். சிலிண்டரை நேராக மாட்டினால் பாதி வழியில் ராடும் மூட்டும் ஒரே கோட்டுக்கு வந்துவிடும், அதற்கு மேல் தள்ளினாலும் சுழலாது. நான்கு மூட்டு இருப்பதால்தான் மண்ணை அள்ளி முழுதாக உள்ளே சுருட்டவும், லாரிக்கு மேலே கொட்டத் திறக்கவும் கிட்டத்தட்ட அரை வட்டம் கிடைக்கிறது. அட்டையில் இது முதல்முறை சரியாகச் சுழன்றபோது வந்த சந்தோஷம் பெயின்ட் அடித்த வண்டியைப் பார்த்தபோதுகூட வரவில்லை.

பொருள்கள். சக்கரம், அடிச்சட்டம், உள்ளே மறையும் பெட்டிகளுக்கு சன்போர்டு என்ற நுரை பிளாஸ்டிக் பலகை, 3 மற்றும் 5 மில்லிமீட்டர். விளம்பரப் பலகை செய்கிற கடைகளில் வெட்டுத் துண்டுகள் சும்மாவே கொடுப்பார்கள். கைக்கும் வெளித் தகடுகளுக்கும் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் ஷீட், அரை மில்லிமீட்டரும் ஒரு மில்லிமீட்டரும். கூடவே ஸ்டீல் ஸ்கேல், கட்டர் பிளேடு, கையால் திருகும் சின்ன டிரில், 400 மற்றும் 600 வாட்டர் பேப்பர், ஃபெவிக்விக், அரால்டைட். வெர்னியர் காலிப்பர் இருந்தால் நல்லது. விலை குறைந்ததே போதும்.

சன்போர்டில் முழுக் கையையும் செய்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம் என்பேன். 3 மில்லிமீட்டர் விளிம்பு இந்த விகிதத்தில் ஏழரை சென்டிமீட்டர் தடிமனான இரும்புத் தகடு. பக்கெட்டின் பக்கத் தகடு அப்படி இருந்தால் எவ்வளவு நன்றாகப் பெயின்ட் அடித்தாலும் பொம்மையாகத்தான் தெரியும். அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் 12.5 மில்லிமீட்டர் தகட்டுக்குச் சமம். கண்ணுக்கு அது இரும்பு. ஒரு மில்லிமீட்டர் ஷீட்டைப் பயன்படுத்தும் இடத்திலும், வெளியே தெரியும் விளிம்பை உள்பக்கமாகச் சாய்வாகத் தேய்த்துவிட்டால் மெல்லியதாகத் தோன்றும். மாதிரியைப் பார்க்கிறவர்கள் ஏன் நிஜம் மாதிரி இருக்கிறது என்று சொல்லத் தெரியாமல் சொல்வதில் பாதி இந்த விளிம்பு வேலைதான்.

பூமும் டிப்பரும் நிஜத்தில் தகடுகளை வெல்டிங் செய்த பெட்டிகள். மாதிரியிலும் அப்படியே கட்டலாம். இரண்டு பக்கத் தகடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டி, முதலில் மூட்டு ஓட்டைகளை 2 மில்லிமீட்டரில் துளைத்துவிட வேண்டும். ஓட்டை போட்ட பிறகுதான் வெளி வடிவத்தை வெட்டுவது. மாற்றிச் செய்தால் இரண்டு தகட்டின் ஓட்டைகளும் ஒரு மயிரிழை விலகும், அந்த மயிரிழை பக்கெட்டுக்குப் போகும்போது கை கோணிக்கொண்டு நிற்கும். பிறகு பிரித்து, நடுவே இடைத்தகடுகள் வைத்து, ஓட்டைகளில் ஸ்போக்ஸ் கம்பியைச் செருகி வைத்தபடியே ஒட்டினால் நேராக வரும். ஸ்டைரீனுக்கு ஸ்டைரீன் ஒட்ட அக்ரிலிக் வேலைக்காரர்கள் வைத்திருக்கும் தண்ணீர் மாதிரியான சால்வென்ட் நல்லது. தூரிகையால் விளிம்பில் தொட்டாலே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைத்துச் செய்யுங்கள். அந்த வாசனை நல்லதல்ல. இடைவெளி விழுந்தால் சமையல் சோடாவைத் தூவி ஒரு சொட்டு ஃபெவிக்விக், நொடியில் கல்லாகிவிடும். அப்புறம் தேய்த்துக்கொள்ளலாம்.

வெல்டிங் தழும்புக்கு ஒரு சின்ன வித்தை. மாதிரிக் கிட்டில் மிஞ்சும் பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திமேல் காட்டி இளகியதும் இழுத்தால் நூல் மாதிரி வரும். அதைத் தகடுகள் சேரும் மூலையில் வைத்து சால்வென்ட் தொட்டு, பாதி இளகியிருக்கும்போது பிளேடு முனையால் குட்டிக் குட்டியாக அழுத்திக்கொண்டே போக வேண்டும். பெயின்டுக்குப் பிறகு அசல் வெல்டிங்தான். எல்லா மூலையிலும் போட வேண்டாம், கண் படுகிற இடத்தில் போதும்.

பக்கெட்டின் வளைவுக்கு அரை மில்லிமீட்டர் ஷீட்டை ஒரு தடித்த மார்க்கரில் சுற்றி டேப் போட்டு, கொதிக்கும் நிலைக்கு வந்த தண்ணீரில் சிறிது நேரம் பிடித்து, உடனே பச்சைத் தண்ணீரில் விட்டால் வளைவு நிலைத்துவிடும். பக்கத் தகடுகளை அந்த வளைவுக்கு ஏற்பத் தேய்த்து ஒட்ட வேண்டும். எதிர்ப்பக்கமாகப் போகாதீர்கள், தகட்டின் வளைவுக்கு ஷீட்டைப் பிடித்து வளைப்பது வீண் போராட்டம். பற்களை எண்ணிக்கொண்டு வந்து ஒரு மில்லிமீட்டர் துண்டில் செய்தேன், ஒன்றிரண்டை வேண்டுமென்றே மழுங்கலாக.

சிலிண்டர்கள் பழைய ரேடியோ ஏரியலிலிருந்து வந்தவை. நீட்டி மடக்கும் அந்தக் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று ஆட்டமில்லாமல் நகர்வதற்காகவே செய்யப்பட்டவை. வெளிக் குழலுக்கு நாலரை, ஐந்து மில்லிமீட்டர் துண்டு, ராடுக்கு ஸ்போக்ஸ் கம்பி, கம்பி ஆடாமல் இருக்க உள்ளே சின்னக் குழாயின் ஒரு வளையம். கட்டிங் பிளையரால் நறுக்கினால் குழாய் நசுங்கிவிடும். பிளேடுக்கு அடியில் வைத்து உருட்டி உருட்டிக் கீறி, மெல்லிய அரத்தால் முடிக்க வேண்டும். சிலிண்டரின் வாயில் ஒரு அளவு பெரிய குழாயின் ஒரு சிறு சீவலை மாட்டினால் வாய் மூடி ஆயிற்று. முனைக் கண்களை அரால்டைட் வைத்து ஒட்டி ஒரு இரவு விட்டேன். ஓஸ் பைப்புக்கு செத்துப்போன சார்ஜர் ஒயரின் உள்ளே இருக்கும் மெல்லிய கறுப்பு ஒயர். நிஜ வண்டியைக் கவனித்தால் ஓஸ் எங்கும் விறைப்பாக இருக்காது, கை முழுதாக நீளும்போது தேவைப்படும் தொய்வு மடங்கியிருக்கும்போது தொங்கிக்கொண்டிருக்கும். மாதிரியிலும் கையை முழுதாக நீட்டி வைத்து ஓஸ் வெட்டினால் அந்தத் தொய்வு தானாகக் கிடைக்கும்.

சக்கரத்தில் நிறைய நேரம் போயிற்று, போகட்டும். பின் டயருக்கு 16.9 அங்குலம் என்றால் 17 மில்லிமீட்டர் அகலம். 5 மில்லிமீட்டர் சன்போர்டு வட்டங்கள் மூன்று, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் ஸ்டைரீன். நடுவில் 6 மில்லிமீட்டர் போல்ட் போட்டு வாஷர், நட்டு வைத்து இறுக்கி, டிரில் மெஷினில் மாட்டி, மரக்கட்டையில் சுற்றிய வாட்டர் பேப்பரைக் காட்டினால் லேத்தில் கடைந்தது மாதிரி வட்டம் வரும். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. 57-க்குத் தேய்க்காமல் 54-இல் நிறுத்த வேண்டும். மீதி மூன்று மில்லிமீட்டர் டயரில் புடைத்து நிற்கும் கட்டைகளுக்கு, பக்கத்துக்கு ஒன்றரை. வட்டத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டை ஒட்டி, அதைப் பிரித்து மேஜையில் வைத்துச் சம இடைவெளியில் கோடு போட்டு, திரும்பச் சுற்றினால் கட்டைகள் எங்கே என்பது முடிந்தது. இடப்பக்கக் கட்டையும் வலப்பக்கக் கட்டையும் நேருக்கு நேர் வராது, ஒன்றின் இடைவெளியில் மற்றது வரும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் கட்டைகள் சேர்ந்து காட்டும் அம்புக்குறி மேல்நோக்கி இருக்க வேண்டும். அதனால் இடது சக்கரமும் வலது சக்கரமும் கண்ணாடிப் பிம்பங்கள், ஒரே மாதிரி இரண்டு செய்துவிடக் கூடாது. ரிம்முக்குச் சோடா பாட்டில் மூடி. அதன் 30 மில்லிமீட்டர் விட்டம், வெளியே தெரியும் ரிம் விளிம்புக்கு அளந்து செய்ததுபோல இருக்கிறது. பக்கவாட்டு வரிகளை மட்டும் தேய்த்து எடுக்க வேண்டும்.

முன் டயர் 9.00-16, மாதிரியில் 36 மில்லிமீட்டர் உயரம், 9 அகலம். அதில் சொல்ல ஒன்றுமில்லை. முன் அச்சுதான் கவனிக்க வேண்டியது. நிஜத்தில் அது நடுவில் ஒற்றை மூட்டில் தொங்குகிறது, மேடு பள்ளத்தில் இடமும் வலமும் சாயும். மாதிரியிலும் நடுவில் ஒரு கம்பி குத்தித் தொங்கவிட்டால் நான்கு சக்கரமும் மேஜையைத் தொடும். அச்சை இறுக்கி ஒட்டியவர்களுடைய வண்டியில் ஏதாவது ஒரு சக்கரம் எப்போதும் அந்தரத்தில் இருக்கும்.

பின்பக்க ஜாக்கி கால்கள் நான் அளந்த வண்டியில் நேர்க்குத்தாக இறங்குகிறவை. பெட்டிக்குள் பெட்டி, எளிது. கை மாட்டியிருக்கும் கிங் போஸ்ட் பின் சட்டத்தில் இடம் வலமாக நகரும். அதையும் இரண்டு ஸ்டைரீன் தண்டவாளங்களில் நகரும்படி வைத்தேன். கேபினுக்கு இரண்டு மில்லிமீட்டர் தூண்கள், சட்டை டப்பாவில் வரும் தெளிவான பிளாஸ்டிக்கில் கண்ணாடி. கண்ணாடிக்கு ஃபெவிக்விக் தொடவே கூடாது, சுற்றிலும் வெள்ளையாகப் பூத்துவிடும். சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் தெரியாது.

பெயின்ட் அடிப்பதற்கு முன் எல்லா ராடையும் கழற்றி வைத்தேன். சாம்பல் பிரைமர்மேல் நேராக மஞ்சள் அடித்தால் பச்சை கலந்த மாதிரி மங்கலாக வரும். மஞ்சளுக்கு மறைக்கும் சக்தி குறைவு. பிரைமருக்கு மேல் ஒரு மெல்லிய வெள்ளை, அதன்மேல் மஞ்சளை நான்கைந்து மெல்லிய பூச்சாக அடித்தால்தான் அந்தச் சூடான நிறம் கிடைக்கும். ஸ்ப்ரே டின்னை ஒரே அடியாக ஈரமாக அடித்தால் தின்னர் ஸ்டைரீனைக் கடித்துவிடும்.

புது வண்டியாக விட மனம் வரவில்லை. பக்கெட்டின் உள்பக்கம் மண் உரசி உரசி இரும்பு தெரியும். அதற்கு நாலு பி பென்சில் தூளை விரலால் தேய்த்தேன். ஆபரேட்டர் காட்டிய மூட்டுகளைச் சுற்றி மட்டும் கறுப்பும் பளபளப்பு வார்னிஷும் கலந்து கிரீஸ் வழிந்த கறை. செம்மண்ணை வேட்டித் துணியில் சலித்து, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் குழைத்து டயர் இடுக்குகளிலும் ஜாக்கி பாதத்திலும் தடவினேன். கேபின் கூரையில் மண் கட்டி வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், அங்கே தூசிதான் இருக்கும்.

கடைசியாக இரண்டு பிரச்சினைகள். கையை நீட்டி வைத்தால் சிறிது நேரத்தில் தானாகத் தொங்கிவிட்டது. மூட்டுக் கம்பியில் பிளம்பர் பயன்படுத்தும் டெஃப்லான் டேப்பை ஒரு சுற்று சுற்றிச் செருகியதும் வைத்த இடத்தில் நிற்கிறது. இன்னொன்று, கையை முழுதாகப் பின்னால் நீட்டினால் முன் சக்கரம் தூக்கிக்கொண்டது. பானட்டுக்குள் பழைய நட்டு போல்ட்டுகளை அரால்டைட்டில் பதித்தேன், சரியாயிற்று. முன்பக்கம் மண் அள்ளித் தூக்கும் லோடருக்கு இப்போது பக்கெட் மட்டும் தயார். அதன் கைகளுக்கான அட்டை இன்னும் தெர்மாகோலில்தான் குத்திக் கிடக்கிறது. தூக்கும்போது பக்கெட் முன்னால் கவிழாமல் மட்டமாகவே மேலே போக, ஒரு குண்டூசியை இன்னும் கொஞ்சம் கீழே இறக்க வேண்டும்.